செயலி எண்ணாத நடை

ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்டது. நடையை எண்ணும் செயலி ஒன்றிருந்தால் சிம்பாங் ரெங்கம் தோட்டத் தொழிலாளிக்கும் கோலாலம்பூர் அலுவலருக்கும் உடல்நலத்தில் சம வாய்ப்பு என்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு.

கைப்பேசி எல்லாரிடமும் உண்டுதான். வீட்டுக்கு ஒரே திறன்பேசி, அதுவும் பிள்ளையின் பாடத்துக்கு, டேட்டாவோ மாதக் கடைசியில் தீர்ந்துவிடும் என்றால், தாயின் நடையை எந்தச் செயலி எண்ணும்?

தோட்டத்து ஆட்கள் நாளெல்லாம் உழைக்கிறார்களே, தனியாக நடை எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டு முடிந்து செம்பனைக்குள் போனவர் இருபது கிலோவைத் தொடும் குலைகளைத் தூக்கிச் சுமக்கிறார். செயலி அவரைப் பாராட்டும். ஆனால் ஓய்வுநேர நடை இதயத்துக்குத் தரும் நன்மையைக் கடும் தொழில் உழைப்பு அதேபோல் தருவதில்லை என்று டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. குலை சுமப்பவருக்கு முதலில் வேண்டியது ஓய்வு.

பத்தாயிரம் அடி என்ற இலக்கோ 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றோடு பரவியது. அமெரிக்க மூதாட்டிகளைப் பற்றிய 2019 ஆய்வில், தினம் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. மூட்டுவலிக்காரப் பாட்டியிடம் பத்தாயிரம் என்றால் அவர் முதல் நாளே விட்டுவிடுவார்.

கைப்பேசி வென்றதற்குச் சான்றாக, டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு தென்னிந்தியாவில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 பேர். இரண்டு ஆண்டுகளில், குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. அருமையான பலன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்தது செயலி அல்ல, சாதாரணக் குறுஞ்செய்தி. அதற்கும் முன்பே இரத்தப் பரிசோதனை செய்து, நேரில் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். பங்கேற்றவர்கள் அனைவரும் வேலையிலிருந்த ஆண்கள். நம் பெண்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சிம்பாங் ரெங்கத்தில் கிளினிக் தாதி தமிழில் பேசிப் புலனக் குழுவில் அனுப்பும் குரல்பதிவு போதும். கூடவே, மாலையில் பெண்கள் சேர்ந்து நடக்க விளக்குள்ள பாதை ஒன்று வேண்டும். செயலியை இத்தனை ஆயிரம் பேர் பதிவிறக்கினார்கள் என்று அறிக்கை வரும்போது, அதில் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று நம் சங்கங்கள் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.