குழந்தையை விட்டுவிட்டுப் போன சாவித்திரி

தலைப்பைப் பார்த்து ஏதோ செய்தித்தாள் சமாச்சாரம் என்று நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி கல்கியின் 'தியாக பூமி'.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய மூன்று ராத்திரிகளை இந்த நாவல் தின்றுவிட்டது. 'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டு அடுத்து என்ன என்று அலைகிற நம்ம வகுப்பு ஆட்கள் யாரும் இதைத் தொடுவதில்லை. காந்தி, கதர், அறிவுரை என்று ஒரு பயம். எனக்கும் இருந்தது. உள்ளே போனால் வேறு கதை. கல்யாணக் கதையாக ஆரம்பித்து, சஸ்பென்ஸாக மாறி, கடைசியில் 'இந்தக் குழந்தை தன் அம்மாவை எப்போது அம்மா என்று கூப்பிடும்?' என்ற ஒரே கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுகிறது.

கதைச் சுருக்கம் (முழுசாகப் படிக்கப் போகிறவர்கள் ஒரு பத்தி தாவிவிடுங்கள்): சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி. கல்கத்தாவில் இருக்கும் புருஷன் ஸ்ரீதரனுக்கு அவளைப் பிடிக்கவில்லை, மாமியார் படுத்துகிற பாடு சொல்லி மாளாது. கர்ப்பிணியாகத் தனியே ஊர் திரும்புகிறாள். அப்பா ஊரில் இல்லை, சென்னைக்குப் போய்விட்டார். தேடிப் போகிறாள். பிள்ளை பெறுகிறாள். ஒரு நாள் அப்பாவைக் கண்டுபிடித்து, அவருக்குத் தெரியாமல் குழந்தையை அவர் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். குழந்தை சாரு, தாத்தாவிடம் சாவடிக் குப்பத்தில் வளர்கிறாள். சில வருஷம் கழித்து பம்பாயிலிருந்து உமாராணி என்று ஒரு பணக்காரி வந்து இறங்குகிறாள். அது யார் என்று நமக்குத் தெரியும். சாருவுக்குத் தெரியாது.

இங்கேதான் மனுஷர் நம்மைப் பிடிக்கிறார். அடுத்த வரி, அடுத்த வரி என்று ஓட வைக்கிறது. யாராவது அந்தக் குழந்தையிடம் சொல்லித் தொலையுங்களேன் என்று இருந்தது எனக்கு.

இது வெறும் தாய்ப்பாசம் என்று நான் நினைக்கவில்லை. தாய்ப்பாசம் என்றால் நம்ம ஊரில் சினிமா, சீரியல், ஆட்டோவின் பின்பக்கம் வரை கொட்டிக் கிடக்கிறது, அதற்கெல்லாம் நான் அழுவதில்லை. சாவித்திரி விட்டுவிட்டுப் போன அம்மா. அவளுக்கு 'அம்மா' என்ற பெயர் திரும்பக் கிடைக்குமா, கிடைக்கலாமா என்பதுதான் நம் வயிற்றைப் பிசைகிறது. 1861-ல் இங்கிலாந்தில் எலன் உட் எழுதிய 'ஈஸ்ட் லின்' நாவலிலும் இதே முடிச்சுதான். பிள்ளைகளை விட்டுப் போன இசபெல், அடையாளம் தெரியாத முகத்தோடு சொந்த வீட்டுக்கே ஆசிரியையாகத் திரும்பி வருகிறாள். மகன் அவள் கண்ணெதிரே சாகிறான், அம்மா என்று தெரியாமலேயே. பிறகு அவளும் சாகிறாள். தப்பு செய்தவள் செத்தால்தான் அழ அனுமதி என்கிற கணக்கு அது. கல்கி சாவித்திரியைக் கொல்லவில்லை. 1939-ல் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை! கே. சுப்ரமண்யம் அதே வருஷம் படமாகவும் எடுத்தார், படத்தின் ஸ்டில்களே தொடருக்குப் படங்களாக வந்தன. பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் படத்தைத் தடை செய்தது.

கோர்ட் கட்டம் இன்னும் அமர்க்களம். சேர்ந்து வாழ வரச் சொல்லி ஸ்ரீதரன் வழக்குப் போட, மாட்டேன், வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் உமாராணி. (பிசினஸ் லா படிக்கிறவர்கள் கவனிக்க: அந்த மாதிரி வழக்கு இந்து திருமணச் சட்டம், 1955-ன் 9-ஆவது பிரிவில் வருகிறது.)

எனக்கு ஒரு குறை உண்டு. உமாராணியின் பணம் சொந்தக்கார அம்மாள் விட்டுப் போன சொத்து. கதாசிரியருக்கு ரொம்ப சௌகரியம். கையில் காசில்லாமல் அதே சாவித்திரி சாவடிக் குப்பத்து வாசலில் வந்து நின்றிருந்தால்? கார் இல்லை, பங்களா இல்லை, வக்கீல் இல்லை. அந்தக் கதையைக் கல்கி எழுதவில்லை. நாமும் படிப்பதில்லை.

படிப்பதில்லை என்றா சொன்னேன்? தப்பு. பேப்பரில் படிக்கிறோம், நாலு வரியில். பஸ் ஸ்டாண்டிலோ ஆஸ்பத்திரியிலோ பச்சைக் குழந்தை, 'கல்நெஞ்சத் தாய்க்கு வலைவீச்சு'. நம்ம மதுரைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1986-ல் இந்தியா டுடே கட்டுரைக்குப் பிறகு உசிலம்பட்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்குப் பெண் சிசுக்கொலைதான். 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் வந்தது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கமே சொன்னது. போட்டுவிட்டுப் போனவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள், யார் அனுப்பினார்கள், அங்கே புருஷன் என்ன சொன்னான், மாமியார் என்ன சொன்னாள்? சாவித்திரி விஷயத்தில் இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்த பிறகுதான் அவள் குழந்தையை விடுகிற இடத்துக்கு வருகிறோம், அதனால் அழுகிறோம். பேப்பர்க்காரிக்கு விட்டுப் போன அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான். நானும் 'சே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணிக்கு அப்பத்தாவைப் பார்க்கப் போனபோது கதையைச் சொன்னேன். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாம் கேட்டது. கோர்ட், ஜீவனாம்சம், காந்தி எதற்கும் அசையவில்லை. குழந்தையை வைத்துவிட்டுப் போகிற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னது.

"பச்ச ஒடம்புக்காரி... பால் கட்டியிருக்குமேய்யா. அவ அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சா?"

மூன்று ராத்திரி கண் முழித்துப் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.