வருந்துகிற வாக்காளரை மன்னிப்பதா?



2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் நாட்டின் ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷதான் அவர். முதல் நாள் விடியுமுன் கொழும்பை விட்டு மாலைதீவுக்குப் போனவர், அங்கிருந்து சவூதி விமானமேறி இங்கே வந்தார். தனிப்பட்ட பயணமாக வந்திருக்கிறார், அடைக்கலம் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை என்று சிங்கப்பூர் வெளிநாட்டமைச்சு அறிவித்தது. இங்கிருந்தபடியே பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மறுநாள் சபாநாயகர் அதை ஏற்று அறிவித்தார்.

அவருடைய கணக்கை இங்கே நாம் பார்க்க வரவில்லை. அது சட்டத்தின் வேலை. நாம் பேச வந்தது அவருக்கு வாக்குப் போட்டவர்களைப் பற்றி. 2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த தேர்தலில் 69 லட்சத்து 24 ஆயிரம் பேர், அதாவது 52.25 வீதத்தினர், அவருக்கு வாக்களித்தார்கள். இன்று அவர்களில் எத்தனையோ பேர் "தப்புப் பண்ணிட்டோம்" என்கிறார்கள். அவர்களை மன்னிப்பதா, தள்ளி வைப்பதா? தோட்டத்து லயங்களில் கேட்கும் இந்தக் கேள்வி, சிங்கப்பூர் தேக்கா வீதிகளிலும் கேட்கிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். 69 லட்சம் பேரும் இனத் துவேஷத்தால்தான் வாக்குப் போட்டார்கள் என்று சொன்னால் அது பொய். அந்த வருஷம் ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடே பயந்து கிடந்தது. பாதுகாப்பு வேண்டும் என்று போட்டவர்கள் இருந்தார்கள். முந்திய அரசின் மீது வெறுப்புற்றுப் போட்டவர்கள் இருந்தார்கள். மலையகத்திலேயே இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அவரைத்தான் ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்துச் சனம் பெரும்பான்மையாக சஜித் பிரேமதாசவுக்குப் போட்டது என்பது வேறு விஷயம்.

ஆனால் துவேஷம் அந்தத் தேர்தலின் எண்ணெயாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. 2019 மே மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குருநாகலில் ஒரு முஸ்லிம் டாக்டர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டார்கள். வெற்றி பெற்றவர் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவின் முன் பதவியேற்றபோது, சிங்களப் பெரும்பான்மையின் வாக்கால் மட்டுமே தாம் வெல்ல முடியுமென்று அறிந்திருந்ததாக வெளிப்படையாகவே சொன்னார். 2020 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில் தமிழில் தேசிய கீதம் பாடப்படவில்லை. அதே வருஷம் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், குடும்பத்தார் கதறக் கதற எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி வரை இது நடந்தது.

அப்போதெல்லாம் வருத்தம் எங்கே போயிருந்தது? வருத்தம் வந்தது பிறகுதான். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். வயலும் காய்ந்தது, தேயிலையும் காய்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கையை விரித்தது. கேஸுக்கும் எண்ணெய்க்கும் கியூ. அப்போதுதான் காலிமுகத்திடல் நிரம்பியது.

அண்மையில், வீட்டு வேலைக்குப் போயிருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் குறைகளைக் கேட்க நாம் சிங்கப்பூர் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்த பிள்ளைகள் சிரங்கூன் சாலைக்கு வருவார்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த நம் பிள்ளைகளும், ஸ்ரீ லங்காராமய பன்சலைக்குப் போய்விட்டு வந்த சிங்களப் பெண்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2022இல் அந்த ஆள் இதே நகரத்தில் இருந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊர்வலம், கூட்டம் என்று சட்டத்தை மீறினால் நடவடிக்கை என்று சிங்கப்பூர்ப் பொலிஸ் அப்போது எச்சரித்திருந்ததால், ஒரு அட்டையைக்கூடத் தூக்கிப் பிடிக்க முடியாமல் மனம் புழுங்கியதைச் சொன்னார்கள்.

குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண், தமிழும் சிங்களமும் கலந்து, "அய்யே, நாங்க அன்னைக்கு அவருக்குத்தான் போட்டோம். பெரிய தப்பு" என்றார். பக்கத்தில் இருந்த நம் ஹற்றன் பிள்ளை சட்டென்று கேட்டது: "அக்கா, சாமான் விலை ஏறலேன்னா ஒங்களுக்கு இந்த வருத்தம் வந்திருக்குமா?" அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியாது நங்கி" என்றார்.

தோழர்களே, பெரிய பெரிய மேடைகளில் பேசப்படாத உண்மை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வருத்தத்தில் இரண்டு வகை உண்டு. வயிறு காய்ந்து வருகிற வருத்தம் ஒன்று. "நான் போட்ட வாக்கால் அடுத்தவன் வீட்டுப் பிணம் எரிந்ததே" என்று வருகிற வருத்தம் இன்னொன்று. முதல் வகை, சோறு கிடைத்ததும் போய்விடும். அடுத்த தேர்தலில் இன்னொருவன் அரிசியும் தருகிறேன், அந்நியனையும் அடக்குகிறேன் என்று வந்தால் அதே கை அதே புள்ளடியைப் போடும். இரண்டாவது வகைதான் நிலைக்கும்.

"69 லட்சம்தானே, நல்லாப் படட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு நமக்கு ஆகாது. பட்டது அவர்கள் மட்டுமா? 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் வறுமை 14.3 வீதம், தோட்டப் பகுதியில் 33.8 வீதம். அதன் மேல் விழுந்த அடி அது. கோதுமை மா விலை ஏறினால் முதலில் அணைவது நம் லயத்து அடுப்பு. அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்துக் கை கொட்டினால் நம் கஷ்டமும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

வாக்கு என்றால் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரை நம் பாட்டன் பாட்டிமார் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதற்குக் கிடைத்த பரிசு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும். பிரஜாவுரிமை போனது, வாக்கும் போனது. "கள்ளத்தோணி" என்ற பட்டம் மிஞ்சியது. 1977இல்தான் மறுபடியும் நம்மவர் ஒருவர், சௌமியமூர்த்தி தொண்டமான், தேர்தலில் வென்று உள்ளே போனார். நடுவில் முப்பது வருஷம்!

அந்த நாளில் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் அதே அரசின் மந்திரிசபையில் போய் உட்கார்ந்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைக் கண்டார். நம் சனத்தின் நெஞ்சில் ஆறாத புண் அது. ஆனாலும் 1972இல் தமிழர் கூட்டணி அமைந்தபோது செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் மூவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். மறந்தா போனார்கள்? இல்லை. சேர்ந்து செய்யவேண்டிய வேலை ஒன்று முன்னால் இருந்தது.

இன்னொன்றும் நம் கண் முன்னே நடந்தது. மக்கள் விடுதலை முன்னணி தன் ஆரம்ப காலத்தில் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று "இந்திய விஸ்தரிப்புவாதம்". தோட்டத் தொழிலாளியை அதன் கையாளாகக் காட்டிய பாடம் அது. அந்தக் கட்சி முன்னின்று அமைத்த தேசிய மக்கள் சக்திக்குத்தான் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டமே அதிக இடங்களைக் கொடுத்தது. ஆக, மன்னிப்பது நமக்குப் புதிதல்ல. நாம் கேட்கவேண்டியது, மன்னித்ததற்கு ஈடாக நமக்குக் காணி கிடைத்ததா, வீடு கிடைத்ததா, சம்பளம் கிடைத்ததா என்பதைத்தான்.

சிங்கப்பூரிலிருந்து நாம் கற்க ஒன்று உண்டு. தேக்காவின் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் டோபி காட். அதன் அருகில் ஜனாதிபதி மாளிகையான இஸ்தானா இருக்கிறது. 2023 செப்டம்பர் 1ஆம் திகதி நடந்த தேர்தலில், யாழ்ப்பாண வழிவந்த தர்மன் சண்முகரத்தினம் 70.4 வீத வாக்குப் பெற்று ஜனாதிபதியானார். எதிர்த்து நின்ற இருவரும் சீனர். வாக்காளரில் நான்கில் மூன்று பங்கு சீனர், இந்தியர் பத்தில் ஒன்றுகூட இல்லை.

அதற்காக அங்கே துவேஷமே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். வீட்டு வாடகை விளம்பரத்தில் "இந்தியருக்கு இல்லை" என்று போட்ட கதைகள் பத்திரிகைகளில் வந்தவையே. சீனரல்லாத பிரதமருக்கு மூத்த தலைமுறை தயாராக இல்லை என்று 2019இல் ஒரு மூத்த அமைச்சரே சொன்னார். 1964இல் இனக் கலவரத்தில் இரத்தம் சிந்திய ஊர் அது. வாக்காளன் இனம் பார்ப்பான் என்பதை மறைக்காமல், அதற்கு வேலி போட்டார்கள். 1988இல் குழுத் தொகுதி முறையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவராவது நிற்கவேண்டும் என்றார்கள். அது ஆளும் கட்சிக்கே வசதி என்ற குறையும் உண்டு, அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனாலும் சிறுபான்மையின் கதியைப் பெரும்பான்மையின் நல்ல மனசுக்கு மட்டும் விட்டுவிடவில்லை. நம் நாட்டில் இருந்த வேலியையே பிடுங்கினார்கள்.

ஆகவே, நம் முடிவு இதுதான். வருந்தி வருகிறவனை வாசலில் நிறுத்தி வைக்கக்கூடாது. "அன்னைக்கு யாருக்குப் போட்டே?" என்று கேட்டுத்தான் சங்கத்தில் சேர்ப்போம் என்றால், சம்பளப் போராட்டத்துக்கு ஆளே மிஞ்சாது. ஆனால் "போனது போகட்டும்" என்று கணக்கை மூடிவிடவும் கூடாது. பிணத்தை எரிக்கக் கொடுத்த முஸ்லிம் தாயின் சார்பில் மன்னிக்க நமக்கு என்ன உரிமை? அது அவள் கையில் இருக்கிறது. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. அந்த உத்தரவைப் போட்டவர்கள் பதில் சொல்லவேண்டியது பாக்கி இருக்கிறது.

மலையில் நமக்குத் தெரிந்த நீதி ஒன்று உண்டு. கணக்கப்பிள்ளை கொழுந்தைக் குறைத்து நிறுத்து அரைப்பேர் போட்டுவிடுகிறார். பிறகு வந்து, "மனசு கஷ்டமா இருக்கு, தாயி" என்கிறார். நாம் என்ன சொல்வோம்? "கஷ்டப்படாதீங்க, செக்ரோலில முழுப்பேரையும் போடுங்க" என்போம். வருந்துகிற வாக்காளரிடமும் அதையே கேட்போம். லயத்துக்குப் பதில் சொந்தக் காணியும் வீடும் வேண்டும் என்று நாம் நிற்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தமிழில் கடிதம் எழுதினால் தமிழில் பதில் வரவேண்டும் என்று நாம் கேட்கும்போது நீங்களும் கேளுங்கள். உங்களுக்குச் சோறு கிடைக்கிற காலத்தில் இன்னொருவன் மேல் துவேஷம் பேசி ஒருவன் மேடை ஏறினால், அன்றைக்கு எழுந்து நில்லுங்கள்.

இதையே நமக்குள்ளும் கேட்டுக்கொள்ளவேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர் தெரிவில் சாதி பார்த்துக் கை தூக்குகிற தோட்டங்கள் இன்றும் உண்டு. 2019இல் டவுனில் முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே என்று நோட்டீஸ் வந்தபோது தலையாட்டியவர்கள் நம்மிலும் உண்டு. தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அடுத்த மாதக் கூட்டத்தில் சம்பளப் பேச்சோடு இந்தப் பேச்சையும் எடுக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்து நாட்டுப்புறத்துச் சிங்களத் தொழிலாளரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.