ஏகபோகமும் இளைஞர் குறையும்

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஈடுபடும் வாலிபர்கள், கிராபிக்ஸ் கார்டின் விலையையும் அதைத் தயாரிக்கும் கம்பெனிகளின் போக்கையும் குறித்து வெகுநாளாகக் குறை கூறி வருகின்றனர். விளையாட்டுப் பிள்ளைகளின் புலம்பல் என்று பெரியவர்கள் இதைத் தள்ளிவிடலாகாது. விளையாட்டுக்கென்று தோன்றிய அக்கருவி, இன்று யந்திரப் படம் வரையும் மாணவனுக்கும், சினிமாப் படம் தொகுப்பவனுக்கும், செயற்கை அறிவுத் துறையைப் பயில்பவனுக்கும் தேவையாகிவிட்டது. திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் என்ஜினீயரிங் கல்லூரிகள் நிறைந்துள்ள நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களுக்கு இது அற்ப விஷயமன்று.

தனிக் கார்டு வியாபாரத்தில் அமெரிக்காவின் என்விடியா கம்பெனியின் பங்கு, 2025-ஆம் ஆண்டில் வெளியான கணக்குகளின்படி, நூற்றுக்கு 90-ஐத் தாண்டியது. 2018 மார்ச்சில் அக்கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் சேரும் கார்டு தயாரிப்பாளர்கள், தங்கள் பிரபலமான விளையாட்டு முத்திரைகளை என்விடியாவின் சரக்குக்கே ஒதுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை எனப் புகார் எழுந்தது. கம்பெனி அதை மறுத்தது. ஆயினும் எதிர்ப்பு வலுக்கவே, மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது. 2022 செப்டம்பரில், நெடுநாள் கூட்டாளியான ஈ.வி.ஜி.ஏ. கம்பெனி கார்டுத் தொழிலையே விட்டு விலகியது. கார்டின் விலை வெளியீட்டு நாள் வரை தங்களுக்கே தெரிவிக்கப்படுவதில்லை என்பது அவர்கள் கூறிய குறைகளில் ஒன்று. கூட்டாளிக்கே இக்கதி என்றால், கடையில் நிற்கும் மாணவன் எம்மாத்திரம்?

பெரிதாயிருப்பது மட்டும் குற்றமாகாது. திறமையால் வளர்ந்தவனைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று. நமது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஆதிக்க நிலையைத் தடுக்கவில்லை; அதைத் துஷ்பிரயோகம் செய்வதையே தடுக்கிறது. உலகளாவிய வரவைக் கணக்கிட்டு அபராதம் விதிக்கவும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஆகவே சட்டத்தில் குறைவில்லை. அது நகரும் வேகத்தில்தான் குறை.

இதற்கு உதாரணம் லாரித் தொழிலில் பேர்பெற்ற நாமக்கல்லுக்கு நன்கு தெரிந்த டயர் விவகாரமே. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் 5 டயர் கம்பெனிகள் கூடி விலையை உயர்த்தின என்று இந்தியப் போட்டிக் கமிஷன் 2018-இல் தீர்மானித்து, 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகளால் தடைப்பட்ட அவ்வுத்தரவு 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அப்பீல் டிரைபியூனல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. இதற்குள் அந்த டயர்கள் ஓடித் தேய்ந்து பல வருஷங்களாகிவிட்டன.

கம்ப்யூட்டர் துறையிலும் இதே கதைதான். வெளிநாட்டில் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வாங்கி இறக்குமதி செய்த பிராசஸருக்கு இந்தியாவில் உத்தரவாதச் சேவை கிடையாதென்று இன்டெல் கம்பெனி விதித்தது 2016-இல். கமிஷன் விசாரணைக்கு ஆணையிட்டது 2019-இல். கம்ப்யூட்டர் சரக்கு மூன்று வருஷத்தில் பழசாகிவிடுகிறது. விசாரணை தொடங்கவே அவ்வளவு காலமானால், வாங்குபவனுக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்?

பிற தேசங்கள் வாளாவிருக்கவில்லை. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் தேசப் போட்டி அதிகாரிகள் கிராபிக்ஸ் கார்டுத் துறையில் திடீர்ச் சோதனை நடத்தினர். நம் நாட்டில் புகார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கமிஷன் தானாகவே விசாரணை தொடங்க 19-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அவ்வதிகாரத்தைப் பிரயோகித்து, இந்தியாவில் இக்கார்டுகளின் இறக்குமதி, விநியோகம், உத்தரவாதம் ஆகியவற்றின் நிபந்தனைகளைக் கமிஷன் ஆராய வேண்டும். அதற்குக் காலவரம்பும் விதித்துக்கொள்ள வேண்டும். நுகர்வோர் சங்கங்களும் மாணவர்களும் முணுமுணுப்பதோடு நில்லாமல், ரசீதும் ஆதாரமும் சேர்த்துக் கமிஷனிடம் முறைப்படி தகவல் தாக்கல் செய்ய வேண்டும்.

1906-இல் தோன்றிய வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்ததைத் தமிழர் மறந்திருக்க முடியாது. அன்று போட்டியைக் காக்கச் சட்டம் இல்லை, சர்க்காரும் அந்நியருடையது. இன்று சட்டமும் நம்முடையது, சர்க்காரும் நம்முடையது. இனியும் தாமதிப்பதற்குச் சமாதானம் ஏது?