கட்டையும் கமகமும்

வசிட்ட நதிக்கரையில் பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகழூர், கூகையூர் என்று பஞ்சபூதத் தலங்கள் ஐந்து உள்ளன. அவற்றுள் நெருப்புக்குரியதாகப் போற்றப்படுவது ஆத்தூர் காயநிர்மலேஸ்வரர் ஆலயம். நவராத்திரி வந்துவிட்டால் இந்த வட்டாரத்து இல்லங்களில் கொலுவின் முன்னே குழந்தைகளைப் பாடச் சொல்லிக் கேட்டு, சுண்டலும் தாம்பூலமும் தந்து அனுப்பும் வழக்கம் இன்றும் மாறவில்லை. மாறியிருப்பது ஒன்றுதான். முன்பெல்லாம் பாட்டி சுருதிப்பெட்டியின் துருத்தியை அசைத்துக்கொண்டிருக்க, பேத்தி வாய் திறந்து பாடுவாள். இப்போது பல வீடுகளில் கொலுவுக்கு அருகே ஒரு கீபோர்டு வைக்கப்படுகிறது. குழந்தை அதன்முன் அமர்ந்து, விரல்களாலேயே ஒரு பக்திப் பாடலை வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறது. கூடியிருப்போர் கைதட்டுகிறார்கள். பெரியவர்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும், ‘இந்தக் குழந்தைக்குப் பாட வருமா?’ என்ற ஐயம் அவர்கள் நெஞ்சின் ஓரத்தில் எழாமல் இல்லை.

இந்த ஐயத்தைப் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்கிவிட இயலாது. அயல்நாட்டு வாத்தியத்தை வெறுக்கும் மனநிலையும் அன்று அது. நம் முன்னோர் வாத்தியங்களுக்கு ஊர் பேர் பார்த்தவர்கள் அல்லர். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்துடன் வாழ்ந்த நாள்களில், ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரி உண்டா? அண்ணாரும் வாளாவிருக்கவில்லை. கோட்டையில் வெள்ளையரின் பாண்டு வாத்தியக் குழு முழக்கிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளைப் புனைந்தார். சங்கராபரண ராகத்தில் அமைந்த அந்தச் சிறு உருப்படிகளை நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்பர். அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேய மன்னரைப் போற்றும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்றில் அம்பிகையைப் போற்றும் துதியாக மாறிவிட்டது.

ஆகவே கீபோர்டு வீட்டுக்குள் வந்ததில் குற்றமில்லை. அதனால் எது இயலும், எது இயலாது என்பதை அறிந்துகொள்ளாமல் இருப்பதுதான் தொல்லை.

பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. வெள்ளை 52, கறுப்பு 36. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். நாம் ‘ஐந்து கட்டை சுருதி’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று சொல்வதே ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்த வழக்குதான். குழந்தை முதலில் பயிலும் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தவை. ஒரு கட்டையை ஷட்ஜமாகக் கொண்டால், ரிஷபமும் தைவதமும் மட்டும் கறுப்புக் கட்டையில் விழும். ஏனைய சுரங்கள் யாவும் வெள்ளை. இரண்டு நாளில் விரல் பழகிவிடும். மேற்சொன்ன நொட்டுஸ்வரங்களும் அவ்வாறே. அவற்றில் அசைவுகள் இல்லாமையால், கீபோர்டில் வாசித்தால் ஒரு குறையும் தோன்றாது. கீபோர்டு பயிலும் குழந்தைக்கு முதல் தெய்வப் பாடல் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை கிடைப்பது அரிது.

தோடியில் தொடங்குகிறது சிக்கல். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சல்போல் அசைந்து அசைந்தே அது காந்தாரமாகிறது. பியானோவின் கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறு சுத்தி தந்தியைத் தட்டும். ஒலி எழுந்து தானே தேய்ந்து மறையும். தட்டிய ஒலியை வளைக்க வழியில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இருப்பது வெறும் மரத்தின் இடைவெளி. நம் இசையின் உயிரோ அந்த இடைவெளியில்தான் உலவுகிறது. அதையே கமகம் என்கிறோம். இக்காலத்து மின்னணுக் கீபோர்டுகளில் ஒலியை வளைப்பதற்கென்று ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதனைக் கையாண்டு கச்சேரியே செய்யும் கீபோர்டு சத்யநாராயணன் போன்ற வித்துவான்களும் உள்ளனர். ஆயினும் எந்தச் சுரத்தை எவ்வளவு வளைப்பது என்பதை அந்தச் சக்கரம் சொல்லித் தராது. அதை முன்பே காதில் ஏற்றிக்கொண்டவருக்கே சக்கரம் பயன்படும்.

ஹார்மோனியத்தின்மீதும் இதே குறை சொல்லப்பட்டது. 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அதனைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. அந்தத் தடை தளர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் பஜனை மடங்களோ அந்தத் தடையைச் சட்டை செய்யவேயில்லை. அங்கே ஹார்மோனியம் பாடுவோரைத் தாங்கி நின்றது. பாடுவோருக்குப் பதிலாக நிற்கவில்லை.

கட்டை வாத்தியமும் வாய்ப்பாட்டும் ஒருவரிடம் எவ்வாறு சேர முடியும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. சென்னை மயிலாப்பூரில் சாயி லாட்ஜ் என்னும் விடுதியின் ஓர் அறையில் தன்ராஜ் மாஸ்டர் என்ற இசையாசிரியர் இருந்தார். பியானோவும் மேல்நாட்டு இசையின் இலக்கணமும் கற்பிப்பதில் கைதேர்ந்தவர். பெரிய கட்டடமோ பெயர்ப் பலகையோ அவருடைய புகழுக்குக் காரணம் அல்ல. திரைப்பட இசையரங்குகளில் வாசிக்க விரும்பிய இளைஞர்கள் அந்த அறையைத் தேடிச் சென்றார்கள். 1960-களின் இறுதியில் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த ராசையா என்ற இளைஞரும் அவர்களுள் ஒருவர். தமையன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். நாட்டுப்புற மெட்டுகள் யாவும் நாவில் இருந்தன. ஆயினும் இசையை எழுதவும் எழுதியதைப் படிக்கவும் கற்றது தன்ராஜ் மாஸ்டரின் முன் அமர்ந்துதான். ராசையா என்ற பெயரை ‘ராஜா’ என்று சுருக்கி அழைத்தவரும் அந்த ஆசிரியரே. 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அதனோடு ‘இளைய’ என்ற அடைமொழி சேர்ந்தது. பிற்காலத்தில் ஏ.ஆர். ரகுமானும் அதே ஆசிரியரிடம் பயின்றவர்.

இதில் பெரியோர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பியானோவையும் மேல்நாட்டு இசை இலக்கணத்தையும் அவ்வளவு ஆழமாகக் கற்ற இளையராஜா, அது போதும் என்று அமர்ந்துவிடவில்லை. கர்நாடக இசை பயில்வதற்கு டி.வி. கோபாலகிருஷ்ணனை நாடினார். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர் அவர். பாடுவதிலும் மிருதங்கம் வாசிப்பதிலும் வல்லவர். விரலுக்கு ஓர் ஆசான், குரலுக்கு வேறோர் ஆசான். இரண்டும் தனித்தனிக் கல்வி என்பதை உணர்ந்தமையால்தான், 1986-இல் தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பை அவரால் ஆக்க முடிந்தது. 2005-இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை அங்கேரி நாட்டுத் தலைநகரின் சிம்பொனி இசைக்குழுவோடு இணைத்து வெளியிட்டார். அவ்வாறு பாடலாமா என்று அந்நாளில் முகம் சுளித்தவர்களும் உண்டு. கண்ணீர் மல்கக் கேட்டவர்களும் உண்டு. இங்கே நாம் நினைவில் கொள்ள வேண்டியது, அத்தனை வாத்தியங்களுக்கு நடுவிலும் திருவாசகத்தைத் தாங்கிச் சென்றது மனிதக் குரல் என்பதே.

குரலுக்கு ஏன் தனி ஆசான் வேண்டும்? கைப்பேசியில்தான் எல்லாப் பாடங்களும் கிடைக்கின்றனவே என்று இளைய பெற்றோர் கேட்கக்கூடும். தொலைவில் இருப்போருக்கு அதுவும் ஓர் உதவிதான், வேண்டாம் எனலாகாது. ஆனால் குழந்தை பாடும்போது தோளை உயர்த்தி மூச்செடுக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறதா, மேல் ஷட்ஜத்துக்கு வரும்போது கழுத்து நரம்பு புடைக்கிறதா என்பதை எதிரே அமர்ந்திருப்பவர் கண்டுபிடிப்பதுபோல் வேறெவரும் கண்டுபிடிக்க இயலாது. கீபோர்டு உள்ள வீடுகளில் நேரும் ஒரு பிழையை அனுபவமுள்ள ஆசிரியர் முதல் நாளே கண்டுகொள்வார். விரல் பழகிய ஒரு கட்டையிலேயே குழந்தையைப் பாடவும் பழக்கிவிடுகிறார்கள். குழந்தையின் குரலுக்கு இயல்பானது ஐந்தோ ஐந்தரையோ ஆக இருக்கலாம். வாத்தியத்துக்காகக் குரலை வளைப்பதால், கீழ்ச் சுரங்கள் காற்றாகப் போகும். அல்லது மேற்சுரங்கள் கத்தலாக மாறும். குரலுக்கேற்ற சுருதியை முதலில் நிலைநாட்டி, பிறகு வாத்தியத்தை அதற்கு இசைய வைப்பதே முறை.

பேரன்மார் உள்ள இல்லங்களில் மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். இதனை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை கணீரென்று பாடிய பிள்ளை இன்று பாடினால் குரல் பிளந்து நிற்கும். வீட்டார் சிரிப்பார்கள். பிள்ளை வெட்கி, பாட்டையே விட்டுவிடுவான். எத்தனை நல்ல குரல்கள் இந்த ஒரு சிரிப்பினால் அடங்கிப் போயிருக்கின்றன! அறிந்த ஆசிரியர் அந்தக் காலத்தில் சுருதியை இறக்கிவிடுவார். உரக்கப் பாடச் சொல்லாமல், கேட்கவும் தாளம் போடவும் சுரம் எழுதவும் வைப்பார். கீபோர்டின் அருமை உண்மையில் இங்கேதான் விளங்கும். தொண்டை ஓய்வெடுக்கும் அந்த ஓராண்டு ஈராண்டுக் காலத்தில் இசை பிள்ளையின் கையை விட்டுப் போகாமல் காத்து நிற்பது அது.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எத்தனை மாணவர்களை மேடையேற்றினார் என்று கேட்பதைவிட, பேரக்குழந்தையோடு நாலைந்து வகுப்புகள் உடன் சென்று ஓரமாக அமர்ந்திருப்பது நல்லது. ஆசிரியர் தாமே பாடிக் காட்டுகிறாரா? குழந்தையைத் தனியே பாடவிட்டுக் கேட்கிறாரா? இடைவிடாமல் கூடவே வாசித்துக்கொண்டிருந்தால் குழந்தையின் பிழை அந்த ஒலியிலேயே மறைந்துபோகும். ஆண்டு விழாவுக்காகச் சரளி வரிசை முடியுமுன்னே கீர்த்தனைக்குத் தாவுகிறாரா? வயது முதிர்ந்தோர் இதையெல்லாம் அமர்ந்து கேட்டாலே புரிந்துகொள்வர். அறுபது எழுபது ஆண்டுகள் கோயில் நாதஸ்வரம் கேட்ட காது சாமானியமானதன்று.

பெரியோரிடமும் ஒரு கடமை உண்டு. இந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் அறிந்த ஊஞ்சல் பாட்டும் லாலியும் ஆரத்திப் பாட்டும் எந்த நூலிலும் முழுதாக அச்சேறியவை அல்ல. ஒரே பாட்டு வீட்டுக்கு வீடு வேறு மெட்டில் ஒலிக்கும். பேத்தியின் ஆசிரியருக்குச் சுரப்படுத்தத் தெரியும். பாட்டிக்குப் பாட்டுத் தெரியும். இருவரும் ஒரு பிற்பகல் சேர்ந்து அமர்ந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பாட்டு நிலைத்துவிடும். பாட்டியின் குரல் நடுங்கினால் என்ன? சுருதியை இரண்டு கட்டை இறக்கிக்கொண்டால் ஆயிற்று.

சேலம், நாமக்கல் சீமைக்கும் இந்தக் குரு பரம்பரையில் பங்கு உண்டு. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் 1890 முதல் 1967 வரை வாழ்ந்தவர். கச்சேரி இசைக்கு இன்றுள்ள ஒழுங்கை வகுத்தவர் என்று போற்றப்படுபவர். இளமையில் அவர் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடம் பாடம் கேட்டார். அடுத்து அவருக்குக் குருவாக அமைந்தவர் நாமக்கல் நரசிம்ம ஐயங்கார். அதன் பிறகே பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் சென்றார். பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவருடைய குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவரோ தியாகராஜ சுவாமிகளின் நேர்ச் சீடர். பூச்சி ஐயங்காரின் பெயர் பலருக்கும் தெரியும். நாமக்கல் குருவின் பெயரை நாமக்கல்லிலேயே எத்தனை பேர் அறிவர்? அடித்தளமிட்ட ஆசிரியர்களின் நிலை பெரும்பாலும் இதுதான்.

அரியக்குடியார் மெட்டமைத்த திருப்பாவையே இன்று மார்கழி விடியலில் நம் ஆலயங்களில் ஒலிப்பது. முதல் ஐந்து பாசுரங்களை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அமைத்தார். தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகள் அமைந்த அதே ஐந்து கன ராகங்கள், அதே வரிசையில். முப்பதாம் பாசுரத்தைச் சுருட்டியில் நிறைவு செய்தார்.

நான்காம் பாசுரத்தில் ஒரு சுவையான முடிச்சு இருக்கிறது. வராளி ராகத்தைக் குருவானவர் சீடனுக்கு நேரே கற்பிக்கலாகாது. கற்பித்தால் இருவருக்கும் மனத்தாங்கல் நேரும் என்பது இசை உலகில் நெடுங்கால நம்பிக்கை. அதனால் பழைய ஆசிரியர் பலர் அதனை முறையாகப் பாடம் சொல்வதில்லை. சீடன் பிறர் பாடக் கேட்டே பிடித்துக்கொள்வான். கீபோர்டிலும் வராளி எளிதில் அகப்படாது. ஆனால் மார்கழி நான்காம் நாள் விடியலில், கம்பளி போர்த்திய பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பிராகாரத்தில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை, பெரியவர்கள் பாடுவதோடு சேர்ந்து மழையை அழைக்கும் அந்தப் பாசுரத்தைப் பாதித் தூக்கத்தில் முணுமுணுக்கும். அவர்கள் பின்னே, பொங்கலுக்காக நிற்கும் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.