படுக்கையருகே ஒரு சொல்



சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாயாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை நடைபெற்றது. மருத்துவமனையின் பெயர் ஈண்டு வேண்டா. திருநெல்வேலியிலிருந்து வந்து களமசேரியில் எங்களுடன் தங்கியிருந்த அவருக்கு மலையாளம் பழகவில்லை. அறுவைக்குக் குறித்த நாள் காலையில் ஒருவர் வந்து, தண்ணீரும் அருந்தலாகாது என்று கூறிச் சென்றார். சிறிது நேரத்தில் மற்றொருவர் கஞ்சி கொணர்ந்து வைத்தார். நானோ மருந்துச் சீட்டுடன் கீழே வரிசையில் நின்றிருந்தேன். பசித்திருந்த தாயார் கஞ்சியைக் குடித்துவிட்டார். அறுவை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. “ஏனய்யா, இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லையா?” என்று கேட்டார்.

அடுத்து நிகழ்ந்ததை இன்று நினைத்தால் நகைப்பு வருகிறது. அறுவை முடிந்த இரவு, பணியிலிருந்த சிஸ்டர், “வேதன குறவுண்டோ அம்மே?” என்று அன்புடன் வினவினார். வலி தணிந்திருக்கிறதா என்பது அதன் பொருள். தாயாரோ, ஏதேனும் குறை உண்டா என்று கேட்பதாகக் கொண்டு, “ஒரு குறையும் இல்லையம்மா” என்றார். வலி சற்றும் தணியவில்லை என்று சிஸ்டர் எழுதிக்கொண்டார்!

நல்லவேளையாக, காலையில் டூட்டி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படுக்கையருகே வந்தனர். வலி குறையவில்லை, டாக்டரிடம் சொல்லி ஊசி மருந்தைக் கூட்டவேண்டும் என்று ஒருவர் மற்றவரிடம் ஒப்படைத்தது என் செவியில் விழுந்தது. நான் குறுக்கிட்டு விளக்கினேன். அனைவரும் சிரித்தோம்; ஊசி கூட்டப்படவில்லை. அப்பேச்சு தாதியர் அறையிலேயே முடிந்திருப்பின், திருத்த ஆள் ஏது?

கஞ்சி கொடுத்தவரும் சிஸ்டரும் தத்தம் கடமையைச் செம்மையாகவே செய்தனர். ஒருவர் அறிந்தது மற்றவரை அடையவில்லை, அவ்வளவே. இக்குறையை உலகெங்கும் உணர்ந்துள்ளனர். உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறுவைக்கூடங்களுக்கென 19 இனங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன் நோயாளி தம் பெயரையும் செய்யவிருக்கும் அறுவையையும் தாமே உறுதிசெய்ய வேண்டும். கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும். பெரிய டாக்டர்கள் சிலருக்கு இது பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆயினும் புதுதில்லி, லண்டன் உள்ளிட்ட 8 நகரங்களில் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறந்தோர் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், சிக்கலுற்றோர் 11இலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009இல் அறிவித்தனர்.

நம் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். 2019 ஜூனில் கொச்சியில் ஒரு மாணவருக்கு நிபா காய்ச்சல் உறுதியானபோது, ஐயத்துக்குரியோரை இங்குத்தான் தனிமை வார்டில் வைத்தனர். அத்தகைய வார்டில் உறவினர் உடனிருக்க இயலாது. குறுக்கிட்டுத் திருத்த மகனோ மகளோ அருகில் இல்லை. உள்ளே செல்பவர் வெளியிலிருப்பவரிடம் சொல்லும் சொல்லே நோயாளியின் குரல். மாணவர் பிழைத்தார், நோய் வேறெவருக்கும் பரவவில்லை.

நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உட்கொள்ளும் மருந்துகளையும் ஒவ்வாத மருந்துகளையும், இங்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு மலையாளத்தில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருத்துவரிடம் பேச வீட்டில் ஒருவரையே அமர்த்துங்கள். மூன்று மாமன்மார் மூன்று விதமாகச் சொன்னால் டாக்டர் என் செய்வார்? டூட்டி மாறும் நேரத்தைக் கேட்டறிந்து, அப்போது படுக்கையருகே இருங்கள். தேநீர் குடிக்க அதன்பின் போகலாம்.