தொடங்குபவருக்கு மலிவு போதும் என்னும் அநீதி

‘தொடக்க நிலைதானே, எதற்கு நல்ல வயலின்? முதலில் மலிவாக ஒன்றை வாங்குவோம். ஆர்வம் நிலைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’ இந்திய நடுத்தர வர்க்கத்து வீடுகளில் அன்றாடம் கேட்கும் வாதம் இது. பல்கலைக்கழக இசைத்துறைகளின் கொள்முதல் கோப்புகளிலும் இதே வாதம்தான் அலுவலக மொழியில் உறைந்து கிடக்கிறது. கேட்பதற்குச் சிக்கனமாகத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் ஒரு தேர்வு முறை. யார் இசை கற்கலாம், யார் கற்க இயலாது என்பதை முதல் ஆறு மாதங்களுக்குள் தீர்மானித்துவிடுகிற தேர்வு அது. அதில் தோற்பவர் தம் தோல்விக்குக் காரணம் தம்மிடமே இருப்பதாக நம்பிக்கொண்டு வெளியேறுகிறார் என்பதுதான் இதன் கொடுமை.

வயலினில் வீணையைப்போல மெட்டுகள் இல்லை. ஆர்மோனியத்தைப்போலக் கட்டைகளும் இல்லை. சுரத்தின் இடத்தைக் கண் காட்டாது, கைக்கும் முன்கூட்டித் தெரியாது. விரல் ஓரிடத்தில் அமர்கிறது, ஒலி எழுகிறது, காது அதைச் சரி பார்க்கிறது, விரல் நகர்கிறது. இந்தச் சுழற்சி பல்லாயிரம் முறை நிகழ்ந்த பின்பே சுரஸ்தானம் கையில் படியும். எனவே கருவி ஒரே அசைவுக்கு ஒரே விடையைத் தரவேண்டும். நேற்று ரிஷபம் இருந்த இடத்தில் இன்றும் ரிஷபம் இருக்கவேண்டும். தேர்ந்த வித்துவான் கருவியின் குறையைத் தம் கையால் ஈடுகட்டுவார். எந்த இடத்தில் எவ்வளவு ஏமாற்றுகிறது என்று அளந்து விலகி வாசிப்பார். தொடங்குபவருக்கு அந்த அளவுகோலே இன்னும் உருவாகவில்லை. நம்பகமான கருவி யாருக்கு மிகுதியாகத் தேவை என்று கேட்டால், அது தொடங்குபவருக்குத்தான். சந்தையோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

இணையச் சந்தையில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்குப் பெட்டி, வில், ரோசின் எல்லாம் சேர்ந்து வந்திறங்கும் பொருளைச் சற்றுக் கூர்ந்து நோக்கலாம். வயலினின் குதிரை பலகையோடு ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்துகிறது. உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு குச்சியும் அவ்வாறே ஒட்டின்றி நிற்பது. இவ்விரண்டையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே செதுக்கிப் பொருத்தவேண்டும். விரற்பலகையின் கீழ்முனையில் தந்திகளின் உயரம் தடித்த தந்திக்கு ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் என்பது நடைமுறை அளவு. மலிவுக் கருவியில் குதிரை பெரும்பாலும் செதுக்கப்படாமலே வந்துசேர்கிறது. தந்தி மிக உயரத்தில் நிற்கிறது. உயரத்திலிருந்து அழுத்தப்படும் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். அழுத்தம் மாறினால் சுருதியும் மாறும். கருங்காலியால் ஆகவேண்டிய விரற்பலகை கறுப்புச் சாயம் பூசிய மென்மரமாக இருக்கிறது. சில மாதங்களில் தந்தியின் தடம் அதில் பள்ளமாகிவிடும். பிரடைகள் துளையில் சரியாக அமராமல் வழுக்குகின்றன, அல்லது இறுகிப்போய்த் திரும்ப மறுக்கின்றன. இவற்றுள் எதுவும் கருவியின் புறத்தோற்றத்தில் தெரிவதில்லை. பளபளப்பான வார்னிஷும் உள்ளே ஒட்டிய ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ அச்சுச் சீட்டும்தான் தெரிகின்றன. ஆலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் வயலின்களில் அப்பெயரைப் பொறிப்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட வணிகப் பழக்கம்.

கர்நாடக இசை கற்பவருக்கு இந்தச் சிக்கல் இருமடங்கு. மேலை முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று நிற்கும் நான்கு தந்திகள் இங்கே ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கப்படுகின்றன. மூன்று கட்டைச் சுருதியில் வாசிப்பவருக்கு இரண்டாம் தந்தி ஏ-யிலிருந்து ஈ-க்கு இறங்குகிறது. முதல் தந்தி ஈ-யிலிருந்து பி-க்கு இறங்குகிறது. மேலைச் சுருதிக்கென இழுவிசை கணக்கிட்டுச் செய்த தந்தி இங்கே தளர்ந்து நிற்கிறது. மட்டமான தந்தியாயின் அதிர்வு சீர்குலைந்து, ஸட்ஜத் தந்தியில் ரிஷபம் பேசும் இடத்துக்கு நேரே பஞ்சமத் தந்தியில் தைவதம் பேசாது. கமகத்துக்காக விரல் தந்தியில் வழுக்கிச் சென்று மீளவேண்டிய இசைமுறையில், உயர்ந்து நிற்கும் தந்தி விரலையும் அறுக்கிறது, சுரத்தையும் கெடுக்கிறது. ஆறு மாதம் கழித்து ஆசிரியர் சொல்கிறார்: ‘பிள்ளைக்குச் சுருதி ஞானம் இல்லை.’ கருவியை விசாரணைக்கு அழைக்காமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இத்தீர்ப்பு எல்லோர்மீதும் ஒரே கனத்தில் விழுவதில்லை. இசைக்குடும்பத்துப் பிள்ளைக்கு அண்ணனோ அத்தையோ வாசித்துப் பழகிய வயலின் கிடைக்கிறது. குதிரை சாய்ந்தால் நிமிர்த்த வீட்டில் ஆள் இருக்கிறார். கருவி பொய் சொல்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டறியும் காது அந்த வீட்டில் இருக்கிறது. தலைமுறையில் முதன்முதலாக வயலினைத் தொடும் பிள்ளைக்கு இவை எதுவும் இல்லை. கடைக்காரர் சொல்வதே அவருக்கு வேதம். திரையில் தெரியும் நட்சத்திரக் குறிகளே சான்று. பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று குறிப்பிட்டது இதைத்தான்: பரம்பரையாகக் கிடைத்த வசதி, பிறவித் திறமை என்னும் வேடத்தில் மேடையேறுகிறது. அக்கருத்தைக் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டும் துறைகளே தங்கள் பயிற்சி அறைகளில் வழுக்கும் பிரடைகளோடு மாணவரை உட்காரவைத்திருப்பது முரணன்றி வேறென்ன?

இதற்கு மறுப்பாக வழக்கமாக முன்வைக்கப்படுவது ஓர் ஆய்வு. கிளாடியா ஃபிரிட்ஸும் அவருடைய குழுவினரும் 2010-இல் இண்டியானாபொலிஸில் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனையில், கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்த 21 வயலின் கலைஞர்களால் பழம்பெரும் இத்தாலியக் கருவிகளையும் புதிய கருவிகளையும் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. ‘ஆகவே கருவி முக்கியமன்று’ என்று முடிவுகட்டுவோர் ஆய்வைப் பாதியில் மூடிவைத்தவர்கள். அச்சோதனையின் புதிய வயலின்கள் இக்காலத்துத் தேர்ந்த கைவினைஞர்கள் செய்தவை. விலையும் தொன்மையும் பெயரும் தரத்துக்கு உறுதியளிப்பதில்லை என்பதே அதிலிருந்து பெறத்தக்க முடிவு. செவ்வனே பொருத்தப்பட்ட கருவிக்கும் பொருத்தப்படாத கருவிக்கும் வேறுபாடில்லை என்று அது சொல்லவில்லை. உண்மையில் அந்த ஆய்வு ஏழை மாணவருக்குச் சாதகமானது. கோடிகள் வேண்டா, கவனமான கைவேலை வேண்டும் என்பதற்கு அது சான்று.

ஆலை உற்பத்தியைப் பழிப்பதும் இங்கு நோக்கமன்று. பிறவித் திறமை என்னும் கோட்பாட்டை மறுத்து, தாய்மொழியைக் கற்பதுபோல் எந்தக் குழந்தையும் இசையைக் கற்க முடியும் என்று வாதாடிய ஷினிச்சி சுசுகி, ஜப்பானின் நகோயா நகரில் பெருமளவில் வயலின்களை உற்பத்தி செய்த ஆலை அதிபரின் மகன். குழந்தையின் கைக்கு ஏற்ற சிறிய வயலின்கள் மலிவாகவும் தரமாகவும் கிடைக்காமல் அவருடைய முறை உலகெங்கும் பரவியிருக்காது. இந்தியாவிலேயே கலிம்போங்கில் இயேசு சபைத் துறவி எட்வர்ட் மெக்குவயர் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில், மலையகத்து ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் அன்றாடப் பாடத்தின் பகுதியாக வயலின் கற்கிறார்கள். இசை மரபென்று ஏதுமற்ற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பள்ளியே கருவியைத் தந்து கற்பித்தபோது, ‘காது இல்லை’ என்ற தீர்ப்பு எங்கே போயிற்று?

வரலாறும் இதையே உரைக்கிறது. பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றது மணலி முதலியார்களின் ஆதரவில். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இக்கருவி நம் இசைக்குள் நுழைந்த காலத்தில் கற்பவரும் கலைஞரும் புரவலரின் துணையோடு நின்றார்கள். இன்று அந்தப் புரவலரின் இடத்தில் இருப்பது அரசு நிறுவனம். அது என்ன செய்கிறது? ‘வயலின், முழு அளவு, வில் மற்றும் பெட்டியுடன், 20 எண்ணிக்கை’ என்று ஒற்றை வரியில் விவரக்குறிப்பு எழுதுகிறது. மிகக் குறைந்த விலை சொன்னவர் வழங்குகிறார். பிறகு எல்லோரும் விதியைப் பழிக்கிறார்கள். விதி அவ்வளவு குருடன்று. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, தொழில்நுட்பத் தகுதியைத் தனியே மதிப்பிட்டு, தகுதி பெற்ற ஒப்பந்தப்புள்ளிகளுக்குள் மட்டுமே விலையை ஒப்பிட வழி உண்டு. கருங்காலி விரற்பலகை, வழுக்காத பிரடைகள், மேற்சொன்ன தந்தி உயரம், வழங்கிய பின் நிறுவனத்திலேயே குதிரையையும் சவுண்ட் போஸ்டையும் சரிசெய்து தரும் பொறுப்பு, ஆசிரியர் வாசித்துப் பார்த்த பின்பே ஏற்பு என்று ஐந்து வரி எழுதுவதற்கு எந்த விதியும் தடையில்லை. எழுதாதது துறையின் அலட்சியம்.

வீட்டுக்கும் இதே நெறி பொருந்தும். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பதுபோல் பெரிய வயலினை வாங்கி வைப்பது தவறு. முழு வயலினின் உடல் நீளம் ஏறத்தாழ 14 அங்குலம். முக்கால் எனப்படுவது 13 அங்குலத்துக்குச் சற்று மேல். அரை எனப்படுவது 12 அங்குலத்துக்குச் சற்று மேல். பெயரில் உள்ள பின்னம் அளவில் இல்லை. ஆகவே பெயரைக் கேட்டு வாங்காமல், பிள்ளையின் கையைக் கருவியில் வைத்துப் பார்த்து, நான்காம் விரல் வருந்தாமல் எட்டுகிறதா என்று ஆசிரியர் சொன்ன பின்பே வாங்கவேண்டும். கர்நாடக முறையில் தரையில் அமர்ந்து, சுருள்தலையை வலக்காலில் ஊன்றி வாசிப்பவர் அந்த இருக்கையிலேயே அளந்து பார்க்கவேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் கருவிக்கே செலவிடாமல், ஒரு பகுதியை நல்ல தந்திகளுக்கும் செப்பனிடுபவரின் கைக்கூலிக்கும் ஒதுக்குவது அறிவுடைமை. வில் வளைந்திருக்கிறதா என்று முனையிலிருந்து கண்ணோட்டமாகப் பார்க்கவேண்டும். புதிய மலிவுக் கருவியைவிட, ஆசிரியர் வாசித்துத் தேர்ந்த பழைய கருவி பெரும்பாலும் மேலானது.

ஆயினும் தனிப்பட்ட எச்சரிக்கை மட்டும் இதற்குத் தீர்வாகாது. விவரமறிந்த பெற்றோருக்கு மட்டுமே நல்ல கருவி கிடைக்கும் என்றால் பழைய தேர்வு முறையே வேறு பெயரில் தொடரும். பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் சிறிய வயலினை விட்டு அடுத்த அளவுக்கு மாறுகிறார்கள்; விடப்பட்ட கருவிகள் பரணில் பூச்சியரித்துக் கிடக்கின்றன. இசைத்துறைகளும் இசைப் பள்ளிகளும் நூலகம் நூல்களைத் தருவதுபோல் எல்லா அளவிலும் வயலின்களை இரவலாகத் தரும் களஞ்சியங்களை ஏன் அமைக்கக்கூடாது? ஒரு செப்பனிடுபவரை மாதம் ஒருமுறை வரவழைப்பது, ஒரு கருத்தரங்கின் வரவேற்பு வளைவுக்கும் சால்வைகளுக்கும் ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது.

வரும் நிதியாண்டுக்கான கொள்முதல் பட்டியலில் கையெழுத்திடும் துறைத்தலைவர்கள், அதற்கு முன் தங்கள் பயிற்சி அறையிலுள்ள வயலின்களில் ஒன்றை எடுத்துத் தாங்களே சுருதி சேர்த்துப் பார்க்கட்டும். பிரடை நிற்கவில்லையென்றால், அந்த அறையிலிருந்து இடைநின்ற மாணவர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் தேடி மீண்டும் ஒருமுறை படிக்கட்டும்.