கடிக்கத் தெரிந்தால் காவலாகிவிடுமா?

நாய் நன்றியுள்ளது என்பது நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வார்த்தை. அந்த நன்றியை விலைகூறி விற்கும் தொழிலொன்று இன்று நம்மிடையே நடைபெறுகின்றது. "சில வாரங்களில் உங்கள் நாயைக் காவல் நாயாக்கித் தருகிறோம்" என்று கூற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே கற்றார்கள், எவரிடம் தேறினார்கள், அவர்கள் பழக்கிய நாய் வழியே போனவரைக் கடித்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்பாரைத்தான் காணோம். கேள்வி எழாத இடத்தில் கடிபடுகிறவன் ஏழையாகவே இருக்கிறான். ஆகவே இதனை நாய்ப்பிரியர்களின் பொழுதுபோக்குப் பேச்சென்று ஒதுக்குவதற்கில்லை. மனிதன் அச்சமின்றி நடமாடும் உரிமை இதில் அடங்கியிருக்கின்றது.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பொல்பிட்டியப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1969-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள மின்நிலையம் நாட்டுக்கு வெளிச்சம் தருகின்றது. அங்கிருந்து லக்ஷபான, மஸ்கெலியா, நோர்வூட், ஹற்றன் என ஏறிச்செல்லும் மலைகளில் வாழும் தொழிலாளி லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கும், கொழுந்து மலைக்கும், ஆபீசுக்கும் நடந்தே போகிறார். அவர் பிள்ளை பாடசாலைக்கு நடந்தே போகிறது. அந்தப் பாதை எங்கேனும் ஓரிடத்தில் பங்களாவின் வேலியையோ, தொழிற்சாலை வாயிலையோ, மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தையோ தொட்டுத்தான் செல்கின்றது. காரில் போகிறவருக்கு நாயின் குரைப்பு வெறும் ஓசை. நடந்து போகிறவருக்கு அதுவே ஆபத்தின் அறிவிப்பு.

முறையான பயிற்சி என்பது யாது? குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரையுள்ள காலத்தில் பலவகை மனிதரையும் கண்டு பழகவேண்டும். பின்னர் கீழ்ப்படிதல், அழைத்தால் வருதல், இரு என்றால் இருத்தல். எதிரியைத் தடுத்து நிறுத்தும் பாடம் கடைசியில்தான் வரும். அதிலும், பற்றச் சொல்லிக் கொடுக்குமுன் விடச் சொல்லிக் கொடுக்கவேண்டும். ஒரு சொல்லுக்கு வாயை விடாத நாயைப் பழகிய நாய் என்று கூறுவது, தடுப்பில்லாத லொறியை ஓடத் தகுந்தது என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

அரைகுறைப் பயிற்சியாளன் செய்வது இதற்கு நேர்மாறு. நாயைக் கட்டி வைத்து, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கம்பை ஓங்கிச் சீண்டுகிறான். நாய் வெறிகொண்டு பாய்கிறது. உரிமையாளர் மகிழ்ந்து பணத்தைக் கொடுக்கிறார். ஆனால் நாய் கற்றுக்கொண்ட பாடம் என்ன? திருடன் எவன், அயலான் எவன் என்ற பாகுபாட்டை அது கற்கவில்லை. சாக்கும் கம்பும் தோன்றினால் பாயவேண்டும் என்பதையே கற்றது. அன்பர்களே, நம் மலைகளில் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கையில் கம்போடு போகிறவர் யார்? மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கவ்வாத்துக் கத்தியோடு திரும்புகிறவர் யார்? உழைப்பாளியின் உடையையே குற்றவாளியின் அடையாளமாக நாய்க்குக் கற்பித்துவிட்டு, கடித்த பின் "நாய்க்கு என்ன தெரியும்?" என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

இன்னொரு குறையும் உண்டு. பழக்கியவன் ஒருவன், வைத்திருப்பவன் வேறொருவன். பயிற்சியாளன் ஆங்கிலச் சொற்களால் பழக்கிவிட்டுப் போகிறான். இரவில் அந்நாயோடு நிற்கும் காவற்காரருக்கு அச்சொற்களை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர் போடும் கூச்சலை நாய் உற்சாகமூட்டலாக எடுத்துக்கொள்கிறது. இலங்கைப் பொலிசார் 1948-ஆம் ஆண்டு முதல் நாய்ப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் உள்ளது. அங்கே நாயும் அதனைக் கையாளுபவரும் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார்கள். அரசாங்கம் தன் நாய்க்கு அவசியமென்று கருதும் ஒழுங்கு, தனியார் நாய்க்கு மட்டும் அவசியமற்றதாகுமா?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தம் வசமுள்ள மிருகத்தால் மனித உயிருக்கு ஆபத்தோ பாரதூரமான காயமோ நேராதபடி போதிய ஒழுங்கு செய்யத் தவறுவது 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். ஏட்டில் இவ்வாறிருக்க, நடைமுறையில் முறைப்பாடு நீதிமன்றை எட்டுமுன்பே பொலிஸ் நிலையத்தில் இணக்கமாகிவிடுகிறது. சிறிது மருந்துச் செலவு, "இனிமேல் கட்டிவைக்கிறேன்" என்ற ஒரு வாக்குறுதி, அத்தோடு சரி. இழந்த நாட்கூலிக்கு ஈடில்லை. தழும்புக்கும் ஈடில்லை.

நம் நாட்டுத் தனியார் சட்டத்தின் வேர் உரோமன் டச்சுச் சட்டம். அதே வேரிலிருந்து வளர்ந்த தென்னாபிரிக்காவில், 2020-ஆம் ஆண்டு மேன்முறையீட்டு உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம் கவனத்துக்குரியது. தெருவில் தள்ளுவண்டியோடு சென்ற ஒரு தொழிலாளியை மூன்று நாய்கள் தாக்கின. அவர் இடது கையை இழந்தார். "எவனோ புகுந்து வாயிற்கதவைத் திறந்துவிட்டான், என்மீது தவறில்லை" என்றார் உரிமையாளர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நாயை வளர்ப்பவரே அதன் விளைவையும் ஏற்கவேண்டும், தெருவில் குற்றமின்றிச் சென்றவர் அதனைச் சுமக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்தக் கோட்பாட்டின் பயன் நம் லயத்து வாசல்வரை வந்து சேர வழக்கறிஞர்கள் முயலவேண்டும்.

இங்கிலாந்தின் அனுபவமும் உண்டு. 1971-ஆம் ஆண்டு இலண்டனில், பழைய இரும்புக் களமொன்றில் இரவில் அவிழ்த்துவிடப்பட்டிருந்த அல்சேஷன் நாய் உள்ளே சென்ற பெண்ணொருவரின் முகத்தைக் கடித்தது. உரிமையாளர் தப்பினார். ஆயினும் வழக்கைக் கேட்ட டென்னிங் பிரபு, பின்னர் வந்த 1975-ஆம் ஆண்டுக் காவல் நாய்ச் சட்டத்தின்படி அவ்விதம் நாயை விடுவது சட்டவிரோதம் என்பதைச் சுட்டிக்காட்டினார். கையாளத் தெரிந்தவர் உடனிருந்து அடக்கிவைத்தாலன்றிக் காவல் நாயை அவிழ்த்துவிடலாகாது, வாயில்தோறும் அறிவித்தல் இருக்கவேண்டும் என்பன அச்சட்டத்தின் விதிகள். நல்ல விதிகளே. எனினும் கண்ணை மூடிக்கொண்டு பிரதிசெய்தலும் ஆகாது. விவசாய நிலத்தையும் வீட்டு வளவையும் அச்சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இங்கே அதனை அப்படியே கொண்டுவந்தால் தேயிலை மலையும் பங்களாவும் தப்பிவிடும். எவருக்குப் பாதுகாப்பு வேண்டுமோ அவருக்கே அது கிடையாமற் போகும்.

"திருட்டு மலிந்திருக்கிறது, காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கைத் தின்கின்றன, நாயின்றி எப்படி?" என்று நம் விவசாயிகள் கேட்பது நியாயமே. நாய் வேண்டாமென்று எவரும் கூறவில்லை. குரைத்து எழுப்பும் நாயே தோட்டத்துக்குப் போதும். கடிக்கப் பழக்கிய நாயைப் பகலெல்லாம் சங்கிலியிற் கட்டி இரவில் அவிழ்த்துவிட்டால், விடியற்காலையில் முதலில் வருபவர் லொறிக்கு மூட்டை ஏற்ற வந்த அயல்வீட்டுக்காரராகவே இருப்பார். மேலும், கட்டப்பட்ட நாய் சிறுத்தைக்கு எளிய இரை. அதனைத் தேடிச் சிறுத்தை குடியிருப்பின் அருகே வரும்.

"நாய் கடிக்கும், கவனம்" என்று பலகை மாட்டியிருக்கிறோம் என்பார் வேறு சிலர். அது எந்த மொழியில் இருக்கிறது என்று முதலிற் பார்க்கட்டும். தமிழ்த் தொழிலாளர் நடக்கும் பாதையில் ஆங்கிலப் பலகை யாருக்கு எச்சரிக்கை? அன்றியும், தம் நாய் ஆபத்தானது என்பதை உரிமையாளர் அறிந்திருந்தார் என்பதற்கு அப்பலகையே சாட்சியாகவும் கூடும்.

செய்யவேண்டியவை தெளிவானவை. தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்த 1998-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நாயைக் காவலுக்கு நிறுத்தும் நிலையங்களின் உரிம நிபந்தனைகளில் நாயின் பயிற்சியும் கையாளுபவரின் பயிற்சியும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். பயிற்சியாளர் தேர்ச்சிச் சான்று பெற்றவராயிருத்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் தோட்டக் கம்பனிகளோடு பேசும்போது, நடைபாதையோரம் நாயை அவிழ்த்துவிடக் கூடாதென்பதையும், கடிபட்டவரின் மருத்துவச் செலவோடு இழந்த கூலியும் தரப்படவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும். கடமையில் நிற்கும்போது கடிபட்ட காவற்காரர், 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்கீழ் பரிகாரம் கோர இடமுண்டா என்று ஆலோசனை பெறத் தயங்கலாகாது. கடிபட்டவர் எவராயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நாய்க்கடி நோய் தோன்றியபின் உயிரைக் காப்பது அரிதினும் அரிது.

நாயின் பக்கமும் ஒரு வார்த்தை. அடித்தும் பட்டினி போட்டும் பழக்குவது கொடுமை. மிருகவதைக்கு 1907-ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் விதித்த ஆகக்கூடிய தண்டப்பணம் நூறு ரூபாய். சட்ட ஆணைக்குழு 2006-ஆம் ஆண்டிலே புதிய சட்டமூலத்தை வரைந்தளித்தது. கொடுமையாற் பழக்கப்பட்ட நாய் பயத்தினாற் கடிக்கிறது. அந்தப் பயத்தை அதனுள் ஏற்றியவனும், அதற்கு விலைகொடுத்தவனும் தப்பிக்க, கூலிக்குப் போகிறவன் காயப்படுவதை இனியும் சகிப்பதற்கில்லை. அடுத்த சம்பவத்தை இணக்கமென்ற பெயரால் மூடிவிட நம் வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத்தினரும் உடன்படாதிருப்பார்களாக.